கார் ஷோக்களில் ‘ஹாட் ராட்’ கார்கள் குறைந்து வருவது ஏன்? 1932 ஃபோர்டு முதல் இன்று வரை.. முழு விளக்கம்!

மட்கார்டு கழற்றப்பட்ட முன்சக்கரங்கள், மூடி இல்லாமல் வெளியே தெரியும் இன்ஜின், வெட்டித் தாழ்த்தப்பட்ட கூரை. ‘ஹாட் ராட்’ என்றதும் அமெரிக்கர்களுக்கு நினைவுக்கு வரும் கார் இதுதான். தபால் தலையில் இடம்பிடித்த கார், சினிமாவில் ஹீரோவுக்கு இணையாக நின்ற கார், ஒரு காலத்தில் கார் ஷோக்களின் ராஜா.

ஆனால், இன்று அமெரிக்காவில் ஒரு சாதாரண வாரக்கடைசி கார் ஷோவுக்குப் போனால் காட்சியே வேறு. வரிசையாக நிற்பது 1960களின் மஸ்டாங், கமாரோ, 1970களின் பிக்கப் டிரக், 1980, 90களின் ஸ்போர்ட்ஸ் கார்கள். 1930களின் ஃபோர்டு ஏதாவது இருக்கிறதா என்று தேடித்தான் பார்க்க வேண்டும். என்ன ஆச்சு இந்தக் கார்களுக்கு? காயலான் கடைக்குப் போய்விட்டனவா? அல்லது வேறு எங்கோ இருக்கின்றனவா? விரிவாகப் பார்க்கலாம்.

ஹாட் ராட் என்றால் என்ன?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம்மூர் வின்டேஜ் கார் பேரணிகளில் பார்க்கும் கார்கள் வேறு, ஹாட் ராட் வேறு. வின்டேஜ் காரில் கம்பெனி கொடுத்தபடியே எல்லாம் இருந்தால்தான் மதிப்பு. ஹாட் ராட் அதற்கு நேரெதிர். கம்பெனி கொடுத்ததை மாற்றினால்தான் அது ஹாட் ராட்.

பழைய காரை மலிவாக வாங்கு. வேகத்துக்குத் தேவையில்லாத எடையை எல்லாம் கழற்று. இன்ஜினின் சக்தியைக் கூட்டு. இவ்வளவுதான் அடிப்படைச் சூத்திரம். மட்கார்டு, பம்பர், விண்ட்ஷீல்டு என்று ஒவ்வொன்றாகக் கழற்றப்பட்டதற்கு முதல் காரணம் அழகு இல்லை, வேகம்.

இதில் ‘ஆரம்பகால ஹாட் ராட்’ என்று சொல்லப்படுபவை பெரும்பாலும் 1948-க்கு முன் தயாரான கார்களில் இருந்து உருவானவை. குறிப்பாக ஃபோர்டின் மாடல் டி, மாடல் ஏ, 1932 ஃபோர்டு ஆகிய மூன்றும்தான் இந்தக் கலாசாரத்தின் அஸ்திவாரம்.

எங்கே தொடங்கியது?

கலிபோர்னியா மாகாணத்தின் தெற்குப் பகுதியில். லாஸ் ஏஞ்சலிஸ் நகருக்கு வடக்கே மொஹாவி பாலைவனத்தில் மியூராக், எல் மிராஜ் என்று வறண்ட ஏரிப் படுகைகள் உண்டு. மைல் கணக்கில் மேசை போலத் தட்டையான நிலம். 1920, 30களில் இளைஞர்கள் தங்கள் பழைய ஃபோர்டுகளை அங்கே ஓட்டிச் சென்று, எவ்வளவு வேகம் போகிறது என்று சோதித்துப் பார்த்தார்கள்.

இந்தப் பந்தயங்களை ஒழுங்குபடுத்த 1937-ல் பல கிளப்புகள் சேர்ந்து ‘சதர்ன் கலிபோர்னியா டைமிங் அசோசியேஷன்’ என்ற அமைப்பைத் தொடங்கின. எஸ்சிடிஏ என்று அழைக்கப்படும் இந்த அமைப்பு இன்றும் செயல்படுகிறது. மியூராக் பகுதி பின்னர் ராணுவத்தின் வசம் போனது. இன்று அங்கே இருப்பது எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளம்.

இரண்டாம் உலகப்போர் இந்தக் கதையில் முக்கியமான திருப்பம். 1942 தொடக்கத்தில் அமெரிக்காவில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தி நிறுத்தப்பட்டது. போர்த் தேவைக்கு இரும்பு திரட்டப்பட்டபோது ஏராளமான பழைய கார்கள் உருக்கப்பட்டன. போர் முடிந்து ஊர் திரும்பிய வீரர்களிடம் கையில் கொஞ்சம் பணம் இருந்தது. லேத், வெல்டிங், இன்ஜின் வேலைகளில் பயிற்சி பெற்றவர்களும் அவர்களில் நிறைய இருந்தார்கள். புது கார் கிடைப்பது கடினம். ஆனால் பழைய ஃபோர்டு இருக்கே! ஹாட் ராட் கலாசாரம் நாடு முழுக்கப் பரவியது அப்போதுதான்.

1932 ஃபோர்டில் அப்படி என்ன ஸ்பெஷல்?

ஃபோர்டு நிறுவனம் 1908 முதல் 1927 வரை 1.5 கோடிக்கும் அதிகமான மாடல் டி கார்களைத் தயாரித்தது. அடுத்து வந்த மாடல் ஏ 1931 வரை 40 லட்சத்துக்கும் மேல் தயாரானது. எங்கு பார்த்தாலும் கிடைத்த, விலை மலிந்த, எடை குறைந்த கார்கள் இவை.

1932-ல் வந்த ஃபோர்டு ஒரு புரட்சியே செய்தது. அதுவரை வி8 இன்ஜின் என்பது வசதி படைத்தவர்களின் கார்களில் இருப்பது. அதைச் சாமானியர் வாங்கும் விலைக்குக் கொண்டுவந்தார் ஹென்றி ஃபோர்டு. இரண்டு பேர் உட்காரும் திறந்த ரோட்ஸ்டர் மாடல், வி8 இன்ஜினுடன் 500 டாலருக்கும் குறைவு. 221 கன அங்குலக் கொள்ளளவு, 65 குதிரைத்திறன். இன்றைய கணக்கில் இது ஒரு சின்ன ஹேட்ச்பேக் காரின் சக்திதான். ஆனால் அன்றைக்கு அந்த விலையில் அது பெரிய விஷயம்.

வால்வுகள் எல்லாம் இன்ஜின் பிளாக்கிலேயே இருந்ததால் மேல்மூடி தட்டையாக இருக்கும். அதனால் ‘ஃபிளாட்ஹெட்’ என்று பெயர். இரண்டு, மூன்று கார்புரேட்டர் மாட்டலாம், கேம்ஷாஃப்டை மாற்றலாம், சிலிண்டரைப் பெரிதாக்கலாம் என்று வீட்டு ஷெட்டிலேயே வேலை பார்க்க இடம் கொடுத்த இன்ஜின் இது. ஃபோர்டு இதை 1953 வரை அமெரிக்க கார்களில் பயன்படுத்தியது. 1932-ல் உள்ள 2-ஐ வைத்து, சீட்டாட்டத்தில் இரண்டாம் எண் சீட்டைக் குறிக்கும் ‘டியூஸ்’ என்ற செல்லப்பெயரும் இந்தக் காருக்கு வந்தது.

ஏரிப் படுகையில் இருந்து கண்காட்சி அரங்குக்கு..

1940களின் இறுதியில் ஹாட் ராட் ஓட்டுபவர்கள் என்றாலே ‘தெருவில் ரேஸ் விடும் பொறுக்கிகள்’ என்ற பெயர்தான் இருந்தது. அந்தப் பெயரை மாற்ற வேண்டும் என்ற எண்ணமும் கண்காட்சிகளுக்கு ஒரு காரணம். 1948 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸில் எஸ்சிடிஏ ஒரு ஹாட் ராட் கண்காட்சியை நடத்தியது. அதே மாதம் ராபர்ட் பீட்டர்சன் தொடங்கிய ‘ஹாட் ராட்’ பத்திரிகையின் முதல் இதழும் வெளியானது.

1950-ல் ஓக்லாண்டில் நடந்த ரோட்ஸ்டர் கண்காட்சியில் ‘அமெரிக்காவின் மிக அழகான ரோட்ஸ்டர்’ என்ற விருது முதன்முறையாக வழங்கப்பட்டது. வென்றது பில் நீகாம்ப் உருவாக்கிய 1929 மாடல் ஏ ரோட்ஸ்டர். ‘கிராண்ட் நேஷனல் ரோட்ஸ்டர் ஷோ’ என்ற பெயரில் அந்தக் கண்காட்சி இப்போது கலிபோர்னியாவின் பொமோனா நகரில் நடக்கிறது.

1973-ல் ஜார்ஜ் லூகாஸ் இயக்கிய ‘அமெரிக்கன் கிராஃபிட்டி’ படத்தில் ஒரு மஞ்சள் நிற 1932 ஃபோர்டு கூப் வந்தது. படம் பெரிய ஹிட். 1983-ல் இசட்இசட் டாப் இசைக்குழுவின் ‘எலிமினேட்டர்’ ஆல்பத்தில் சிவப்பு நிற 1933 ஃபோர்டு கூப் இடம்பெற்றது. இந்த இரண்டும் ஒரு தலைமுறைக்கே ஹாட் ராட் ஆசையைக் கிளப்பிவிட்டன.

‘1948’ என்ற எல்லைக்கோடு எப்படி நகர்ந்தது?

ஹாட் ராட் கார்களின் பங்கு குறைவதைப் புரிந்துகொள்ள எளிய வழி ஒன்று இருக்கிறது. கார் ஷோக்களின் நுழைவு விதியைப் பார்த்தாலே போதும்.

1970-ல் இல்லினாய் மாகாணத்தின் பியோரியா நகரில் முதல் ‘ஸ்ட்ரீட் ராட் நேஷனல்ஸ்’ நடந்தது. நேஷனல் ஸ்ட்ரீட் ராட் அசோசியேஷன் அமைப்பின் விதி அப்போது கறாரானது. 1948 வரையிலான கார்களுக்கு மட்டுமே அனுமதி. ஏன் 1948? 1949-ல் ஃபோர்டு முற்றிலும் புதிய வடிவமைப்பில் காரை வெளியிட்டது. தனியே துருத்திக்கொண்டிருந்த மட்கார்டுகள் மறைந்து, பாடியோடு ஒன்றாகின. அதற்கு முன், அதற்குப் பின் என்று பிரித்துப் பார்ப்பது இயல்பாகவே இருந்தது. அமெரிக்காவின் பல மாகாணங்களில் வாகனப் பதிவுச் சட்டமே 1948 வரையிலான மாற்றியமைக்கப்பட்ட கார்களை ‘ஸ்ட்ரீட் ராட்’ என்று தனியாக வகைப்படுத்துகிறது.

ஆனால் காலம் செல்லச் செல்ல அந்தக் கோடு நகர்ந்தது. இதே அமைப்பு பின்னாளில் 30 ஆண்டுகளுக்கு மேற்பட்ட கார்களுக்கும் கதவைத் திறந்தது. 1980களில் தொடங்கப்பட்ட ‘குட்கைஸ்’ அமைப்பும் ஆரம்பத்தில் 1948 வரை என்றுதான் வைத்திருந்தது. பிறகு அது 1972 வரை என்றானது. அடுத்து 1987. அதற்கடுத்து 1999!

இதைக் குற்றமாகச் சொல்ல முடியாது. மைதானத்துக்கு வாடகை கட்ட வேண்டும், கடைகளுக்கு வாடிக்கையாளர் வேண்டும், அரங்கு நிறைய வேண்டும். 1948 வரை மட்டும் என்று பிடிவாதமாக இருந்தால் வருகிற கார்கள் ஆண்டுக்கு ஆண்டு குறையும். ஆக, விதி தளர்ந்ததால் பழைய கார்கள் குறைந்தன என்பது பாதி உண்மை. பழைய கார்களை நம்பி மட்டும் ஷோ நடத்த முடியாது என்பதால் விதி தளர்ந்தது என்பது மீதி.

சரி, குறைவதற்கு என்னதான் காரணம்?

முதல் காரணம், வயது. ஒருவர் 16, 17 வயதில் எந்தக் காரைப் பார்த்து ஏங்கினாரோ, அதைத்தான் கையில் காசு வந்த பிறகு வாங்குவார். இது எழுதப்படாத விதி. ‘அமெரிக்கன் கிராஃபிட்டி’யை 20 வயதில் தியேட்டரில் பார்த்தவருக்கு இப்போது 70 வயதுக்கு மேல். இன்று 50 வயதில் இருப்பவர் வளர்ந்தது 1980களின் மஸ்டாங்கையும் செவ்ரோலே பிக்கப்பையும் பார்த்து. 40 வயதுக்காரர் வளர்ந்தது 2001-ல் வந்த ‘ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்’ படத்தின் ஜப்பானிய கார்களைப் பார்த்து. அவர்களுக்கு 1932 ஃபோர்டு என்பது தாத்தா காலத்துக் கார்.

இரண்டாவது, ஓட்டும் சிரமம். ஆரம்பகால ஃபோர்டுகளில் பிரேக்கே கம்பியாலும் தண்டாலும் இயங்குவது. ஃபோர்டு ஹைட்ராலிக் பிரேக்குக்கு மாறியது 1939 மாடலில்தான். எலக்ட்ரிக்கல் எல்லாம் 6 வோல்ட். ஏசி கிடையாது, சீட் பெல்ட் கிடையாது. ரோட்ஸ்டரில் பக்கக் கண்ணாடியும் கிடையாது. மழை வந்தால் நனைய வேண்டியதுதான். பலரும் பிரேக்கையும் வயரிங்கையும் மாற்றிக்கொள்கிறார்கள். ஆனாலும் மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் பெரிய எஸ்யூவிகள் பறக்கும் நெடுஞ்சாலையில், முழங்கால் உயரத்தில் உட்கார்ந்துகொண்டு 90 வயதுக் காரை 300 கி.மீ. ஓட்டிச்செல்ல 75 வயதுக்காரர் தயங்குவது இயல்பு. ஏறி இறங்குவதே கஷ்டம். விளைவு, கார் நல்ல நிலையில் இருந்தாலும் ஷெட்டை விட்டு வெளியே வருவதில்லை.

மூன்றாவது, பணம். ஒரு ஹாட் ராடைப் புதிதாகக் கட்ட ஆகும் செலவில் பெரும்பகுதி டிங்கரிங், பெயின்டிங் போன்ற கைவேலைக்கான கூலி. விற்கும்போது அந்தக் காசு திரும்பி வருவது அரிது. குறிப்பாக 1980, 90களில் ஃபைபர் பாடியில் கட்டப்பட்ட கார்களுக்கு இப்போது வாங்க ஆள் தேடுவதே பெரும்பாடு. அதே காசில் ஒரு 1969 கமாரோ வாங்கினால், ஏசியோடு குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு போகலாமே என்று யோசிப்பவர்கள் அதிகம்.

நான்காவது, மேடையே உயர்ந்துவிட்டது. பெரிய விருதுகளுக்குப் போட்டியிடும் கார்களைத் தொழில்முறை நிறுவனங்கள் ஆண்டுக்கணக்கில் உருவாக்குகின்றன. அடிப்பாகத்தில்கூட முகம் பார்க்கலாம், அந்த அளவுக்குப் பளபளப்பு. வீட்டு ஷெட்டில் சொந்தமாகக் கட்டிய காரை அதன் பக்கத்தில் நிறுத்த பலருக்கு மனம் வருவதில்லை. இந்தப் போக்குக்கு எதிர்வினையாகத்தான் துருவைக்கூட மறைக்காமல் விடும் ‘ராட் ராட்’ கார்கள் 1990களில் பிரபலமாயின. நம் காதுக்கு ஒரே சொல் இரண்டு முறை வருவதுபோல் இருக்கும். இதில் முதல் ‘ராட்’ என்பது எலி!

அப்போ, கார்களுக்குத் தட்டுப்பாடா?

இல்லை. இதுதான் பலரும் எதிர்பார்க்காத விஷயம். அசல் 1932 ஃபோர்டு பாடி கிடைப்பது அரிதுதான். ஆனால் அதே அளவில், அதே வடிவில் புத்தம்புது இரும்பு பாடிகளே இப்போது தயாராகின்றன. ஒஹையோ மாகாணத்தின் புரூக்வில் நிறுவனம் மாடல் ஏ, 1932 ரோட்ஸ்டர் பாடிகளைச் செய்கிறது. சேஸிஸ், அச்சு, கிரில், விளக்கு என்று எல்லாமே கேட்டலாக்கில் கிடைக்கும். ஒரு அசல் உதிரிபாகம்கூட இல்லாமல் முழு 1932 ஃபோர்டைக் கட்டிவிட முடியும்.

பிரச்னை, அதைக் கட்ட ஆசைப்படுகிறவர்கள் குறைவதில்தான். ஷோவில் கார் இல்லாவிட்டால் சிறுவர்கள் அதைப் பார்க்க மாட்டார்கள். பார்க்காததன் மீது ஆசை வராது. ஆசை இல்லாவிட்டால் அடுத்த தலைமுறையில் வாங்க ஆள் இருக்காது. வாங்க ஆள் இல்லாவிட்டால் ஷோவில் கார் இன்னும் குறையும். இந்தச் சுழல்தான் ஆர்வலர்களின் உண்மையான கவலை.

அப்போ மொத்தமா அழிஞ்சுபோச்சா?

அப்படியும் சொல்ல முடியாது. ஆரம்பகால ஹாட் ராட் கார்கள் பொதுவான ஷோக்களில் குறைந்து, தனக்கென்று தனி இடங்களுக்கு நகர்ந்திருக்கின்றன.

* பொமோனா கண்காட்சியின் ‘மிக அழகான ரோட்ஸ்டர்’ விருதுக்கு இன்றும் 1937 வரையிலான அமெரிக்க ரோட்ஸ்டர்களே போட்டியிட முடியும். இந்த எல்லை மட்டும் தளரவில்லை.

* நியூஜெர்சியின் வைல்ட்வுட் கடற்கரையில் நடக்கும் ‘தி ரேஸ் ஆஃப் ஜென்டில்மென்’ நிகழ்ச்சியில், போருக்கு முந்தைய கார்கள் மணலில் பந்தயம் ஓடுகின்றன. 2012-ல் தொடங்கிய இதில் இளைஞர்களையும் பார்க்க முடிகிறது.

* பெரும் பணக்காரர்களின் கார் கண்காட்சியான பெப்பிள் பீச், 1997-ல் முதன்முறையாக ஹாட் ராட்களுக்குத் தனிப் பிரிவு ஒதுக்கியது. அதில் முதல் பரிசு டோன் ஸ்பென்சர் உருவாக்கிய 1932 ஃபோர்டு ரோட்ஸ்டருக்கு.

* 2014-ல் அமெரிக்க அஞ்சல் துறை வெளியிட்ட ஹாட் ராட் தபால் தலைகள் இரண்டிலும் இருந்தது 1932 ஃபோர்டுதான்.

* ஜப்பானின் யோகோஹாமா நகரில் 1992 முதல் ஹாட் ராட் கண்காட்சி நடக்கிறது. ஸ்வீடனிலும் பழைய அமெரிக்க கார்களுக்குத் தீவிர ரசிகர்கள் உண்டு.

கவனித்தால் ஒன்று புரியும். வரலாறு உள்ள கார்களுக்கு மவுசு கூடுகிறது. யார் கட்டினார், எந்த ஏரிப் படுகையில் எந்த வேகத்தில் ஓடியது, எந்தப் பத்திரிகையில் வந்தது என்று ஆதாரம் இருந்தால் மியூசியமே வாங்க வரும். அந்த ஆதாரம் இல்லாத, ஊர்ப்பக்கத்து மெக்கானிக் கட்டிய சாதாரண ஹாட் ராட்தான் பார்வையில் இருந்து மறைகிறது. எண்ணிக்கையில் அதிகம் இருந்ததும் அவைதான்.

இதனால் என்ன இழப்பு?

கார் ஷெட்டில் பத்திரமாகத்தானே இருக்கிறது, ஷோவுக்கு வராவிட்டால் என்ன என்று கேட்கலாம். காரை விட முக்கியமான ஒன்று ஷோவில் கைமாறிக்கொண்டிருந்தது. அது கைவேலை அறிவு.

ஃபிளாட்ஹெட் இன்ஜினில் புகை வெளியேறும் பாதை பிளாக்கின் உள்ளேயே, தண்ணீர் ஓடும் இடத்தை ஒட்டிப் போகிறது. அதனால் சீக்கிரம் சூடாகும். அதை எப்படிச் சமாளிப்பது, மூன்று கார்புரேட்டரை ஒரே சீராக எப்படி டியூன் செய்வது, கூரையை வெட்டித் தாழ்த்தும்போது கண்ணாடிச் சட்டத்தின் சாய்வை எப்படிச் சரிக்கட்டுவது... இதற்கெல்லாம் கம்பெனி மேனுவல் கிடையாது. கம்பெனி செய்யாத வேலை இது. செய்தவர் வாயால் சொல்லி, பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொள்வதுதான் வழி. காருக்குப் பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர்தான் இந்தத் துறையின் பாடப்புத்தகம்.

அந்த அறிவைத் தாங்கி நின்ற அச்சு இதழ்களும் குறைந்துவிட்டன. 2019 இறுதியில் ஒரே நிறுவனம் 19 கார் பத்திரிகைகளின் அச்சுப் பதிப்பை நிறுத்தியது. 1948-க்கு முந்தைய கார்களுக்கு முக்கியத்துவம் தந்த ‘ஸ்ட்ரீட் ராடர்’ அவற்றில் ஒன்று. ‘ஹாட் ராட்’ இதழ் தப்பித்தது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. உரிமையாளர் இறந்த பிறகு காரின் கதை தெரிந்தவர் வீட்டில் யாரும் இருப்பதில்லை. பழைய போட்டோ, பந்தயச் சான்றிதழ், ரசீது எல்லாம் குப்பைக்குப் போய்விடும். 1940களில் ஏரிப் படுகையில் ஓடிய காருக்கும், போன வருடம் கேட்டலாக் பார்த்துக் கட்டிய காருக்கும் வித்தியாசம் சொல்ல முடியாத நிலை வரும்.

மீட்க என்ன நடக்கிறது?

பொமோனாவில் உள்ள வாலி பார்க்ஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் மியூசியம், லாஸ் ஏஞ்சலிஸின் பீட்டர்சன் மியூசியம், நெப்ராஸ்காவின் லிங்கன் நகரில் உள்ள ‘மியூசியம் ஆஃப் அமெரிக்கன் ஸ்பீடு’ ஆகியவை கார்களோடு இன்ஜின்களையும் ஆவணங்களையும் சேர்த்துப் பாதுகாக்கின்றன. கன்சாஸ் மாகாணத்தின் மெக்ஃபர்சன் கல்லூரியில் பழைய கார்களைப் புதுப்பிப்பதற்கென்றே 4 ஆண்டு பட்டப்படிப்பு இருக்கிறது. தகடு வளைப்பது, இன்ஜின் கட்டுவது, பெயின்டிங் என எல்லாம் அங்கே பாடம். எஸ்சிடிஏ இன்றும் எல் மிராஜ் ஏரிப் படுகையில் வேகப் பந்தயங்களை நடத்துகிறது.

ஷோ நடத்துபவர்கள் கையிலும் சில எளிய வழிகள் உள்ளன. 1948 வரையிலான கார்களுக்கு நுழைவாயில் அருகே நிழலான இடம் ஒதுக்குவது, வெகுதூரம் ஓட்டி வருபவருக்குக் கட்டணச் சலுகை, பளபளப்புக்கு மட்டுமல்லாமல் ‘சொந்தக் கையால் கட்டியது’ என்பதற்கும் பரிசு, இன்ஜினை ஸ்டார்ட் செய்து காட்டி விளக்கும் நேரம் என இவற்றுக்குப் பெரிய செலவு ஆகாது. நிறுத்தி வைத்த காரைப் பார்த்து நகர்ந்துவிடும் சிறுவன், ஃபிளாட்ஹெட் வி8 உறுமும் சத்தத்தைக் கேட்டால் நின்று திரும்பிப் பார்ப்பான்.

ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. 1946-ல் ஒரு 20 வயது இளைஞர் 1932 ஃபோர்டை வாங்கியபோது அது 14 வருடப் பழைய, மலிவான செகண்ட் ஹேண்ட் கார். கிடைத்ததை வைத்து வேகத்தைத் தேடினார், அவ்வளவுதான். இன்று 2000-களின் பழைய ஹோண்டாவை வாங்கி ஷெட்டில் பிரித்துப் போட்டிருக்கும் இளைஞரும் அதே வேலையைத்தான் செய்கிறார். அவரை ஷோவுக்குள் விட்டதால்தான் ஹாட் ராட் குறைந்தது என்று சண்டை போடுவதில் பயன் இல்லை. அவர் காரை நிறுத்தும் அதே வரிசையில் ஒரு 1932 ஃபோர்டும், அதைப் பிரித்து மாட்டத் தெரிந்த ஒருவரும் இருக்கிறார்களா என்பதுதான் இப்போதைய கேள்வி. அந்தப் பெரியவர்கள் காரை ஓட்டி வரும் நிலையில் இருக்கப்போவது இன்னும் சில ஆண்டுகள்தான் என்பதால், அதற்கான கால அவகாசமும் குறைவு.